பனியாற்று ஏரிக்குப் போவோர் பார்க்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனிமலை ஏரிகளைப் பற்றிய பயணக் கட்டுரைகள் நாளிதழ்களில் இப்போது நிறையவே வருகின்றன. ஏரியின் உயரம், நடக்க வேண்டிய தூரம், போக ஏற்ற மாதம் எல்லாம் இருக்கும். எந்த இரவு எந்த உயரத்தில் படுக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. நல்லபடியாகத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பொறுத்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 4,000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். 5,500 மீட்டரில் பாதி. உடல் இதற்குப் பழக நாட்கள் பிடிக்கும். தினமும் ஓடிப் பழகிய உடம்பு என்பது இதற்குக் காப்பு ஆகாது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி இது. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, இரவில் எங்கே தூங்கினோம் என்பதே முக்கியம்.

நேபாளத்தின் கோசாயிகுண்டம் நல்ல உதாரணம். ஏரி 4,380 மீட்டரில் இருக்கிறது. நடை தொடங்கும் துன்சே சுமார் 2,000 மீட்டர். ஆவணிப் பௌர்ணமிக்குப் போகும் பக்தர்களில் பலர் இரண்டே நாளில் ஏறிவிடுகிறார்கள். தலைவலியும் வாந்தியுமாகப் பலர் அங்கே அவதிப்படுவதற்கு இந்த அவசரமே காரணம். சுமார் 3,300 மீட்டரில் உள்ள சந்தன்பாரியில் (அடுத்த ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டுவதால்) இரண்டு இரவு, 3,900 மீட்டரை ஒட்டிய லௌரிபினாவில் ஓர் இரவு, மறுநாள் விடியலில் ஏரிக்குப் போய்விட்டு மாலைக்குள் இறங்கி லௌரிபினாவிலேயே படுக்கை என்று வைத்துக்கொண்டால் கூடுதலாக ஆவது இரண்டு நாள்தான். தங்கும் இடங்களின் உயரத்தை இப்படி வரிசையாக ஒவ்வொரு கட்டுரையோடும் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

புதிதாக உயரத்துக்கு வந்தவருக்குத் தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதை உயர்மலை நோய் என்றே கொள்ள வேண்டும். அன்று மேலே ஏறக் கூடாது. சந்தேகம் இருந்தால், ஒரு காலின் குதிகால் மறுகாலின் கட்டைவிரலைத் தொடுமாறு அடி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சுக் குழறினால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறி. இது பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாம் இரவில் தலைகாட்டும். இரண்டுக்கும் மருந்து, உடனே கீழே இறக்குவதுதான். விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. தனியாக அனுப்பவும் கூடாது.

அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம்; எனவே மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஏற்றத்தை ஒரே நாளில் முடிக்க நினைப்பது தவறு.

பனி உருகி வரும் ஓடைகளை அதிகாலையில் கடந்துவிட வேண்டும். வெயிலில் உருகிய நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆவதால், காலையில் முழங்காலளவு இருந்தது மாலையில் இடுப்பைத் தொடலாம். அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம். காலணியைக் கழற்றாமல், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் பக்கம் பார்த்து நின்று, கோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். விழுந்தால் பையை உதறிவிடலாம்.

ஏரிக்குப் பால் கலந்த நீல நிறம் தருவது, பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, அரைத்த பாறைத் துகள். அது வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். பாத்திரத்தில் நீரை இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் இறுத்த பிறகே வடிகட்ட வேண்டும். நுண்துளைக் குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கொதிக்க வைப்பதானால் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். 4,000 மீட்டரில் நீர் 87 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்றாலும் கிருமிகளைக் கொல்ல அது போதும்.

ஏரிக்கரையில் பனியாறு தள்ளிவந்து கொட்டிய கற்கள் ஒன்றோடொன்று பிடிப்பில்லாமல் கிடக்கும். சிலவற்றின் அடியில் இன்னும் பனிக்கட்டி இருக்கும். அந்தச் சரிவின் கீழே கூடாரம் போடக் கூடாது. நீரில் குதிப்பதும் வேண்டாம். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்ததும் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். முகம் அப்போது நீருக்குள் இருந்தால் அதுவே மூழ்கடித்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது. புண்ணியத்துக்காக நீராடுகிறவர்கள் கரையில் நின்று செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு, உடனே துடைத்து உலர்ந்த உடைக்கு மாறிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்