விசுவாசப்பிரமாணத்தில் எந்த வரி இடிக்கிறது?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வாசகர் ஒருவர், எல்லாரும் கடைசியில் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்புகிறவரும் மறுபிறவி உண்டு என்கிறவரும் ஞாயிறுதோறும் கோயிலில் வந்து உட்காருவது வேஷம், வெளியே போய்விடுவதே நேர்மை என்று எழுதியிருந்தார். கோபம் புரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். சபைக்குச் சபை விதி வேறு. ஒரே சபைக்குள்ளும் பெஞ்சில் உட்காருகிறவருக்கு ஒன்று, பிரசங்க பீடத்தில் ஏறுகிறவருக்கு ஒன்று.

தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொள்வோம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இணைந்தபோது, வேதாகமத்தோடு, ஆராதனையில் சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கைகளான அப்போஸ்தலர் பிரமாணம், நைசீயப் பிரமாணம் என்ற இரண்டை மட்டுமே அடிப்படையாக வைத்தார்கள். நித்திய அக்கினியைப் பற்றிப் பேசும் அத்தநாசியு பிரமாணம் அதில் இல்லை. அந்த இரண்டுக்கும்கூட இணைப்புத் திட்டத்தில் ஒரு குறிப்பு உண்டு. அவற்றில் அடங்கிய அடிப்படைச் சத்தியங்களை ஏற்கிறோம். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிநபர் ஒவ்வொருவரும் சம்மதம் தரவேண்டும் என்று கேட்கவில்லை. நியாயமான அளவில் பொருள்கொள்ளும் சுதந்தரத்தை மறுக்கவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் இவற்றில் அடங்கிவிட்டது என்றும் சொல்லவில்லை. இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். ஐக்கிய சபைக்குள் இருந்த காங்கிரிகேஷனல் மரபினர், அதாவது லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன் வழிவந்தவர்கள், பிரமாணத்தை வைத்து ஆளைச் சோதிப்பதைத் தலைமுறைகளாக எதிர்த்தவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் இவ்வளவு இடம் விட்டே ஆகவேண்டியிருந்தது. திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் இந்தக் குறிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

இனி அப்போஸ்தலர் பிரமாணத்தை வரிவரியாக வாசித்துப் பாருங்கள். எல்லாரும் மீட்கப்படுவர் என்று நம்புகிறவருக்கு அதில் எந்த வரியும் இடிக்காது. கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்கிறது. அதை அவர் மறுக்கவில்லை. தண்டனை உண்டென்பதையும் மறுக்கவில்லை. அது முடிவில்லாததா என்பதுதான் அவருடைய கேள்வி. அதைப் பற்றிப் பிரமாணத்தில் ஒரு சொல்லும் கிடையாது. "நித்திய ஆக்கினை" என்னும் மத்தேயு 25:46 அவருக்கு எதிராகப் பேசும். எல்லாரையும், எல்லாவற்றையும் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 15:22, கொலோசெயர் 1:20, 1 தீமோத்தேயு 4:10 மூன்றையும் அவர் எடுத்துவைப்பார். ஆக, அது வேதபாட வகுப்பில் நடக்கவேண்டிய வாதம். சேகர கமிட்டி, அதாவது வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு, தீர்மானம் போட்டு முடிக்கிற விஷயம் அல்ல.

சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் சங்கங்களின் வழிவந்த திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள் எந்த ஆங்கிலிக்கன் மரபிலிருந்து வந்தனவோ, அங்கேயே இந்த வழக்கு ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. 1553இல் இங்கிலாந்து திருச்சபை வகுத்த 42 கோட்பாட்டுப் பிரிவுகளில் கடைசிப் பிரிவு, எல்லா மனிதரும் இறுதியில் இரட்சிக்கப்படுவர் என்பதைக் கண்டித்தது. 1563இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். இன்றுள்ள 39 பிரிவுகளில் அது இல்லை. எடுத்த பிறகும் தொல்லை ஓயவில்லை. நித்திய தண்டனை பற்றி வேறுவிதமாக எழுதியதற்காக இறையியலாளர் எஃப். டி. மாரிஸ் 1853இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் பதவியை இழந்தார். பதினொரு ஆண்டு கழித்து, 1864இல், இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் எச். பி. வில்சன் என்ற குருவானவரை விடுவித்தது: துன்மார்க்கருக்கும் கடைசியில் மன்னிப்பு கிடைக்கலாம் என்று ஒரு குரு நம்புவதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று தீர்ப்பு. சுமார் 11,000 குருமார் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தீர்ப்பை வாசித்த வெஸ்ட்பரி பிரபு நரகத்தையே ஒரு வழக்குபோலச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலி உலவியது.

இதே நம்பிக்கையோடு ஒருவர் லுத்தரன் சபைக்குப் போனால் கதை வேறு. லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு, ஆக்கினைக்குள்ளானவர்களின் தண்டனைக்கு முடிவுண்டு என்பவர்களை வெளிப்படையாகவே கண்டிக்கிறது. அங்கே குருத்துவத்துக்கு நிற்கிறவர் இந்த வரியைத் தாண்டிப் போகமுடியாது. கல்யாணமாகிச் சபை மாறுகிற குடும்பங்களில் இதனால்தான் குழப்பம் வருகிறது. நேற்றுவரை யாரும் கேட்காததை இன்று கேட்கிறார்களே என்பார்கள். கேட்பவர் கையில் இருக்கும் ஆவணமே வேறு.

மறுபிறவிக்கு இந்தச் சலுகை கிடையாது. "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று" சொல்லும் இடத்தில் அது நேராக முட்டுகிறது. எந்தப் பிறவியின் சரீரம் என்ற கேள்விக்கு நியாயமான பொருள்கோள் என்ற பெயரில் பதில் சொல்வது கஷ்டம். எபிரெயர் 9:27 வேறு, "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்கிறது. அப்படியானால் அவர் வெளியேற வேண்டுமா? வேண்டாம். அந்த ஒரு வரியில் வாய்மூடி நின்றுவிட்டு மற்றதைச் சொல்வது நேர்மையான வழிதான். ஆனால் அவர் குருத்துவத்துக்குப் போகக்கூடாது.

இதேபோல் சிலர் கோயிலுக்குள் கொண்டுவரும் இன்னொரு நம்பிக்கை, கடவுளும் ஆன்மாவும் ஒன்றே என்னும் அத்வைதம். அது முட்டுவது முதல் வரியிலேயே. படைத்தவர் வேறு, படைப்பு வேறு என்பதில்தான் பிரமாணமே தொடங்குகிறது. பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தபோது, சங்கரரை விட்டு இராமானுஜரைப் பிடித்ததற்கு இங்கே காரணம் தெரியும். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதை அவர் அன்பின் ஐக்கியமாக வாசித்தார், இரண்டும் ஒன்றேயாகிக் கரைவதாக அல்ல. அந்த வாசிப்போடு அவர் 1950இல் கோயம்புத்தூர் பேராயராகவும் ஆனார். அதே 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கிய பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் மோன்ஷானின், அபிஷிக்தானந்தர் இருவரும் தங்கள் மறைமாவட்ட ஆயருக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை. திருச்சி ஆயரின் ஆதரவோடுதான் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் அத்வைத அனுபவத்துக்கும் திரித்துவத்துக்கும் இடையே 1973இல் இறக்கும்வரை போராடினார், குருவாகவே இறந்தார். வேடிக்கை என்னவென்றால் நம் ஊரில் பெரிய சண்டையெல்லாம் குத்துவிளக்குக்கும் ஆரத்திக்கும்தான். ஆரத்தி, கைகூப்புதல், தரையில் அமர்தல் உள்ளிட்ட 12 அம்சங்களை ரோம் 1969லேயே அனுமதித்துவிட்டது. அவை சடங்கு, கோட்பாட்டில் எதையும் தொடவில்லை.

கத்தோலிக்கர் நிலை கண்டிப்பானது, ஆனால் தெளிவானது. மறுபிறவி இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் எண் 1013 நேரடியாகவே சொல்கிறது. எல்லாரும் மீட்படைய வேண்டுமென்று மன்றாடலாம், மீட்படைவது உறுதி என்று போதிக்கமுடியாது. ஆனால் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் எண் 751 சொல்லும் தப்பறைக் குற்றத்துக்கு, அதாவது விசுவாசக் கோட்பாட்டை மறுக்கும் குற்றத்துக்கு, பிடிவாதம் வேண்டும். எண் 1330இன்படி, யாருமே அறியாத கருத்து முழுமையான குற்றமாகாது. மனத்துக்குள் ஐயம் வந்ததுமே சபைவிலக்கு என்று பயப்படுகிறவர்கள் இதை வாசிக்கவேண்டும். இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரியா விலக்கப்பட்டது 1997 ஜனவரியில். அவர் கருத்தை மனத்துக்குள் வைத்திருந்தவர் அல்ல, துறவியர் சபைக் குரு, நூலாகவே வெளியிட்டவர். திருத்தந்தை ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டபோது கூடவே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். ரோம் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் விலக்கு நீங்கியது.

நடைமுறைக்கு வருவோம். உங்கள் சபைக் குருவிடம் போய் "இந்த நம்பிக்கை சரியா?" என்று கேட்டால் பிரசங்கம்தான் கிடைக்கும். "இந்த நம்பிக்கையோடு நான் திருவிருந்தில் பங்குபெறத் தடை உண்டா?" என்று கேளுங்கள், உண்டு, இல்லை என்று பதில் வரும். ஆராதனை முடிந்து நாலுபேர் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். வாரநாளில், தனியாக. சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றலாகும், அடுத்தவர் வேறு மாதிரிச் சொல்லலாம், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறவர் பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் கற்பிக்கவேண்டும். மனம் ஒப்பாத பாடம் வந்தால் அந்த வாரம் இன்னொருவரிடம் வகுப்பைக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் "நரகம் இல்லையாம்" என்று சொன்ன மறுநாளே புகார் வரும். சபை வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதவே வேண்டாம். முன்னும் பின்னும் இல்லாத ஒரு வரி மட்டும் படமாகச் சுற்றிவரும். சேகரத் தேர்தல் நெருங்கும்போதுதான் பலருக்கு அடுத்தவரின் உபதேசக் குற்றம் கண்ணில் படுகிறது, அந்த மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. குருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் தேர்வு நேர்காணலிலேயே மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். அபிஷேகம் ஆன பிறகு சொன்னால் அது வாக்குத்தவறல்.

மறுபிறவியை நம்புகிறவர்களும் ஒரு பழைய பொய்யை விட்டுவிட்டால் நல்லது. பைபிளில் மறுபிறவி இருந்தது, 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அழித்துவிட்டார்கள் என்பது தவறு. அந்தச் சங்கத்தின் பெயரால் வழங்கும் கண்டனங்கள், உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்பதையும், அதோடு சேர்த்து, எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும் என்பதையும் பற்றியவை. வேதாகமத்தில் யாரும் கைவைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுபிறவிக்கு ஆதரவாக எந்தப் பழைய இறையியலாளர் ஒரிகனின் பெயரைச் சொல்கிறார்களோ அவரே மத்தேயு விளக்கவுரையில், எலியாவின் ஆத்துமா யோவான் ஸ்நானனுக்குள் வந்தது என்பதை மறுத்திருக்கிறார். யோவானையே வருகிற எலியா என்னும் மத்தேயு 11:14ஐக் காட்டுகிறவர்கள் "எலியாவின் ஆவியும் பலமும்" என்னும் லூக்கா 1:17ஐயும், நீர் எலியாவா என்று கேட்டபோது "நான் அவன் அல்ல" என்று யோவான் சொன்ன யோவான் 1:21ஐயும் சேர்த்தே வாசிக்கவேண்டியிருக்கும். யோவான் 9:2இல் பிறவிக்குருடனைப் பற்றி, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்கும் கேள்வி அதைவிட வலுவானது. ஆனால் அடுத்த வசனத்திலேயே இயேசு அவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

– ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை