அந்த ரசீதை எடுத்துப் பார், கோமதி

புனே,
25-09-2022

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பேரன் என்னோடு மராத்தியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். நாளைக்குக் கொலு. செட்டியாருக்கு இந்த வருஷமும் மூக்கு இல்லை, நீதான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டையர் ஆன பணம் மொத்தத்தையும் உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியில் போட்டுவிட்டதாக, ஏதோ பரிசு விழுந்த மாதிரிப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வட்டி அரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதாம், மேனேஜர் உன்னிடம் படித்த பையனாம். ஏட்டி, பையன் நல்லவனாகவே இருக்கட்டும். பெரிய கடன் யாருக்குப் போகிறது என்பது அவன் ஒருவன் கையிலா இருக்கிறது? மும்பை பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் 70 சதவீதத்துக்கு மேல் கடன் எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டபோது, போட்டவர்கள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றுதான் முதல் உத்தரவே வந்தது.

இங்கே ரூபீ கூட்டுறவு வங்கியின் கதையைப் பார். 1912-ல் தொடங்கிய வங்கி. அதன் உரிமத்தை ரத்து செய்து ஆகஸ்ட் 8 தேதியிட்டு வந்த உத்தரவு, செப்டம்பர் 22-லிருந்து அமல் என்றது. மூலதனம் போதாது, சம்பாதிக்கும் வழியும் இல்லை, டெபாசிட்தாரர்களுக்கு முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி காரணம் சொல்லியிருக்கிறது. ரத்தானதைவிட, அதற்கு முந்தின ஒன்பது வருஷத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. 2013 பிப்ரவரியிலேயே பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்புறம் நீட்டிப்பு, அதற்கு மேல் நீட்டிப்பு. மகள் கல்யாணமும் கண் ஆபரேஷனும் அதுவரை காத்திருக்குமா? 2021-ல் சட்டத்தைத் திருத்தி, இப்படி முடங்கினால் 90 நாளுக்குள் டெபாசிட்டுக்கான காப்பீட்டுப் பணம் (ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை) தர வேண்டும் என்று வைத்த பிறகுதான் ஜனங்கள் கையில் காசு வந்தது. இந்த மே மாதம் வரை 700 கோடி கொடுத்திருக்கிறார்கள்.

99 சதவீதம் பேருக்கு முழுப்பணமும் கிடைக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தான். எனக்கு மிச்ச ஒரு சதவீதத்தின் மேல்தான் கவலை. ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் அவர்கள். எல்லாரும் பணக்காரர்கள் என்று நினைக்காதே. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒரே இடத்தில் போட்ட டீச்சரும் அந்தக் கணக்கில்தான் வருவாள். ஐந்துக்கு மேல் உள்ளதற்கு, கலைப்பு அதிகாரி வங்கிச் சொத்தை விற்று, கடனை வசூலித்து, ஏதாவது மிஞ்சினால் உண்டு.

அந்த ஐந்து லட்சமும் அசலும் வட்டியும் சேர்த்துத்தான். அதனால் சரியாக ஐந்து போடாதே, நாலரையோடு நிறுத்து. நாலு கிளையில் பிரித்தாலும் வங்கி ஒன்றுதான், எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்கள். உன் பெயரில் தனியாக ஒன்று, அண்ணனும் நீயும் சேர்ந்து ஒன்று என்றால் தனித்தனிக் காப்பீடு உண்டு. மீதியை வேறு வங்கிக்கு மாற்று. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

இன்னொன்று, அது நிஜமாகவே ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள வங்கியா, இல்லை நாம் வாய்ப்பழக்கத்தில் பேங்க் என்று சொல்லும் கடன் சங்கமா? சங்கம் என்றால் இந்த ஐந்து லட்சமும் கிடையாது. கூச்சப்படாமல் அந்தப் பையனிடமே கேள், உன் பணம்தானே.

டெபாசிட் ரசீதைப் பார்த்துவிட்டு உடனே எழுது. வனஜாவுக்கும் சொல். நீ எங்கே போட்டாலும் அவளும் அங்கேதான் போட்டிருப்பாள். அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சரசு