லாபம் வந்துச்சு சரி, கடைசி வீட்டுக் கணக்கு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்.என்.எல். கணக்கு பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய டீக்கடையில வெச்சு ரெண்டு தடவை படிச்சேன். 2023-24-ல 5,370 கோடி நஷ்டம், 2024-25-ல அது 2,247 கோடியா குறைஞ்சிருக்கு, அதுலயும் கடைசி ரெண்டு காலாண்டு 262 கோடி, 280 கோடின்னு லாபம், 2007-க்கு அப்புறம் இப்பதான் காலாண்டு லாபத்தையே கண்ணால பாக்குறோம்னு போட்டிருந்தீங்க. பக்கத்துல உக்காந்திருந்த பையன் ‘என்ன பெரிசு, உங்க கம்பெனி பொழச்சுக்கிச்சு போல’ன்னான். சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா அடுத்த காலாண்டே, 2025 ஏப்ரல்-ஜூன்ல, திரும்ப ஆயிரம் கோடிக்கு மேல நஷ்டம்னு வந்துச்சே, அத மட்டும் உள்பக்கத்துல நாலே வரியில முடிச்சுட்டீங்க.

நான் அந்த கம்பெனியில லைன்மேன் வேலை பாத்தவன். கடைசியில டெலிகாம் டெக்னீஷியன்னு பேர மாத்துனாங்க, ஏணியும் பிளையரும் மாறல. 2020 ஜனவரி 31-ம் தேதி விருப்ப ஓய்வுல ஒரே நாள்ல 78,000 பேருக்கு மேல வெளிய வந்தோமே, அதுல நானும் ஒருத்தன். அன்னிக்கு சாயங்காலம் டெஸ்ட் ஃபோன ஒப்படைச்சுட்டு கையெழுத்து போடும்போது, வாங்கி வெச்சுக்க எதிர்ல ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அவரும் மூணு எக்ஸ்சேஞ்சுக்கு சேர்த்து பொறுப்பு.

நான் சொல்ல வந்தது லாப நஷ்டம் இல்ல, அந்த செய்தியோட கடைசியில ‘சமூகப் பொறுப்புல தனியார் கம்பெனிங்கதான் முன்னாடி நிக்குது’ன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஏர்டெல்காரங்களோட பாரதி அறக்கட்டளை 2006-லேர்ந்து கிராமத்துல சத்ய பாரதி ஸ்கூல் நடத்துது, நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா 2013 கம்பெனி சட்டத்துல இருக்கிற விதி என்ன, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு செலவு பண்ணணும். வருஷா வருஷம் நஷ்டத்துல ஓடுற கம்பெனிக்கு சராசரியே மைனஸ்ல வரும்போது 2 சதவீதம் எங்கேர்ந்து வரும், ஒரு ரூபா ஒதுக்கணும்னு கட்டாயம் கிடையாது. அதனால கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு செலவ வரிசையா போடுற கட்டத்துல பி.எஸ்.என்.எல்.-க்கு நேரா சைபர்தான் விழும். படிக்கிறவன் என்ன நினைப்பான், இவனுங்க ஊருக்கு ஒண்ணும் பண்றதில்லேன்னுதானே?

ஒரே ஒரு லைன பத்தி சொல்றேன். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தை ஒட்டி ஒரு ஊரு, அதுல கடைசி வீடு, ஒரு ஆயா தனியா இருந்தாங்க, மகன் சிங்கப்பூர்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவன் போன் பண்ணுவான், அதுக்காக மட்டும் அந்த லேண்ட்லைன். அந்த வீட்டுக்கு போற லைன்ல கடைசி ஒண்ணரை கிலோமீட்டர்ல வேற கனெக்‌ஷனே கிடையாது. உப்புக்காத்துல செம்புக்கம்பி ஜாயின்ட் எல்லாம் பச்சை பூத்துப் போயிடும், மாசத்துக்கு ஒரு தடவையாவது லைன் கரகரன்னு இரையும், இல்லேன்னா செத்தே கெடக்கும். நான் சைக்கிள்ல ஏணிய கட்டிக்கிட்டு போயி ஒவ்வொரு போஸ்டா ஏறி டோன் இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டே வந்து, பச்சைய சொரண்டி, புதுசா முறுக்கி, டேப் சுத்திட்டு எறங்குனா அரை நாள் போயிடும். அந்த ஆயா கட்டுற மாச வாடகை நூத்திச்சொச்சம், என் அரை நாள் சம்பளமே அதவிட ஜாஸ்தி. கம்பெனி கணக்குல அது நஷ்டம், அவ்ளோதான். வேலை முடிஞ்சதும் ரிசீவர காதுல வெச்சு பாத்துட்டு ‘வந்துடுச்சுய்யா’ன்னு அந்த ஆயா மோர் கொண்டாந்து குடுக்கும், அது எந்த கணக்குல வரும்னு எனக்கு தெரியல.

இந்த மாதிரி லைன் நாடு பூரா லட்சக்கணக்குல இருந்துச்சு. முன்னாடி கிராமத்து லேண்ட்லைன் நஷ்டத்தை ஈடுகட்ட மத்த கம்பெனிங்ககிட்டேர்ந்து அக்சஸ் டெஃபிசிட் சார்ஜுன்னு ஒண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு, 2008-ல அதையும் நிறுத்திட்டாங்க. 2004-05-ல பத்தாயிரம் கோடிக்கு மேல லாபம் பாத்த கம்பெனி 2009-10-ல மொத மொதல்ல நஷ்டத்துக்கு போச்சு. 2010-ல 3ஜி, பிராட்பேண்ட் ஸ்பெக்ட்ரத்துக்கு, அதாவது அலைக்கற்றைக்கு, ஏலத்துல தனியார் ஏத்திவிட்ட விலையவே இவங்களையும் கட்டச் சொல்லி கிட்டத்தட்ட 18,500 கோடி கையிருப்ப காலி பண்ணாங்க. ஏர்டெல் கொல்கத்தாவுல 4ஜி ஆரம்பிச்சது 2012, ஜியோ வந்தது 2016, பி.எஸ்.என்.எல்.-க்கு 4ஜி ஸ்பெக்ட்ரம் குடுக்கலாம்னு முடிவெடுத்ததே 2019-ல. அதுக்கு அப்புறம் டெண்டர் விட்டு அதையும் 2020-ல ரத்து பண்ணி, உள்நாட்டு சாமான்தான் போடணும்னு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் சி-டாட், டாடா கம்பெனிங்க தேஜஸ், டி.சி.எஸ். மூணும் சேர்ந்து தயார் பண்ணி, 2025 செப்டம்பர் 27-ல ஒடிசா ஜார்சுகுடாவுல பிரதமர் தொடங்கி வெச்சாரு. 97,500 டவர்னு சொன்னாங்க. நம்ம சாமான்லயே நாடு பூரா 4ஜி ஓடுதுங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல, லேட்டுதான், ரொம்ப லேட்டு.

அந்த டவர்ல பாதி எங்க நிக்குதுன்னு யாராவது கேட்டீங்களா? பாதின்னு சும்மா சொல்றேன், கணக்கு கேக்காதீங்க, ஆனா 2022 ஜூலையில 26,316 கோடியில, சிக்னலே எட்டாத 24,680 கிராமத்துக்கு 4ஜி குடுக்கணும்னு ஒரு திட்டம் போட்டப்ப அத யார் தலையில கட்டுனாங்க? பி.எஸ்.என்.எல். தலையிலதான். முப்பது வீடு இருக்கிற மலையூருக்கு டவர் போட்டா டீசல் காசுகூட திரும்பாதுன்னு யாருக்கும் தெரியும். அதுக்கான பணம் எல்லா கம்பெனியும் வருமானத்துல 5 சதவீதம் கட்டுற நிதியிலேர்ந்துதான் வருது, டிஜிட்டல் பாரத் நிதின்னு இப்ப பேரு, அதையும் நேர்மையா சொல்லிடறேன், தனியார்ல ரீசார்ஜ் பண்றவங்க காசும் அதுல இருக்கு. ஆனா டவர நட்டுட்டா முடிஞ்சுதா, கரன்ட் போச்சுன்னா யாரு போறது, கேபிள ஜேசிபி வெட்டுனா யாரு போறது, ஆளுங்கதான் 2020-லயே வீட்டுக்கு போயாச்சே.

கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர்ல எங்க ஊர்ல மரம் நிக்கல, போஸ்ட் நிக்கல. எக்ஸ்சேஞ்சுல ஜெனரேட்டர போட்டு ரெண்டு போன வெளிய மேசையில வெச்சோம், வெளியூர்ல இருக்கிற புள்ளைங்களுக்கு ‘உசுரோட இருக்கோம்’னு சொல்ல ஜனங்க வரிசையில நின்னுச்சு. காசு வாங்கல. அந்த வருஷ ஆண்டறிக்கையில அதுக்கு ஒரு வரி இருக்குமான்னு தெரியாது, நான் படிச்சதில்ல.

தலைமை விஷயமும் ஒண்ணு சொல்லிடறேன். 2019 ஜூலையிலேர்ந்து அஞ்சு வருஷம் பி.எஸ்.என்.எல். தலைவரா புர்வார் இருந்தாரு, 2024 ஜூலையில அவரு போனதும் ராபர்ட் ரவிக்கு குடுத்தாங்க, அதுவும் எப்படி, ஆறு மாசத்துக்கு கூடுதல் பொறுப்பா. அவரு வந்த நேரம்தான் தனியாரெல்லாம் கட்டணத்த ஏத்துனாங்க, அந்த ஒரு மாசத்துல மட்டும் 29 லட்சம் பேர் இந்தப் பக்கம் வந்தாங்க. நவம்பர்லயே திரும்ப கொறைய ஆரம்பிச்சுடுச்சு, விலைய பாத்து வந்தவன் நெட் ஓடலேன்னா எத்தனை நாள் இருப்பான். என் பேரனே ரெண்டு சிம் வெச்சிருக்கான், வீட்டுக்கு ஒண்ணு, ரீல்ஸ் பாக்க ஒண்ணு. நான் சொல்றது ரவிய குறை சொல்ல இல்ல, அவரு காலத்துலதான் அந்த ரெண்டு காலாண்டு லாபமும் வந்துச்சு. ஆனா ஏர்டெல்ல 2026 ஜனவரி 1-லேர்ந்து தலைமை அதிகாரி கோபால் விட்டல் எடத்துக்கு ஷாஷ்வத் ஷர்மா வர்றாருன்னு 2024 அக்டோபர்லயே அறிவிச்சாங்க, ஒரு வருஷத்துக்கு மேல பக்கத்துல நின்னு கத்துக்க டைம் குடுத்தாங்க. இங்க லட்சம் டவர நம்பி குடுக்கிற ஆளுக்கு வாடகை வீட்டு அக்ரிமென்ட் அளவுக்குக்கூட காலம் குடுக்கல.

என் கோரிக்கை ஒண்ணுதான். வர்ற வருஷக் கணக்குலேர்ந்து, லாபம் வராதுன்னு தெரிஞ்சே ஓட்டுற டவர், லைன், எக்ஸ்சேஞ்சுக்கு ஆகுற செலவ அரசாங்கம் தனியா ஒரு வரியா காட்டணும், அந்த செலவு மொத்தத்தையும் டிஜிட்டல் பாரத் நிதியிலேர்ந்து நேரா குடுக்கணும், வியாபாரத்துல வர்ற லாப நஷ்டத்தை வேற வரியா வெக்கணும். அப்ப தெரியும் எந்த நஷ்டம் நிர்வாகம் சரியில்லாம வந்தது, எந்த நஷ்டம் அந்த ஆயா வீட்டுக்கு நான் சைக்கிள் மிதிச்சதுல வந்ததுன்னு. நீங்களும் அடுத்த மே மாசம் ரிசல்ட் வரும்போது, அந்த சமூகப் பொறுப்பு கட்டத்துல சைபர போடுறதுக்கு முன்னாடி ஒரு நிருபர எங்க ஊரு பக்கம் அனுப்பி வைங்க, போஸ்ட் இன்னும் நாலஞ்சு நிக்குது, நானே கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிகாம் டெக்னீஷியன்,
வேதாரண்யம் வட்டம்.