மூவாயிரம் ரூபாய் உடை ஆடம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரையில் சிறிய ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆடம்பர உடைகளுக்கு வரி போடுவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பது வேறு. ஒரு உடையின் விலை 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. முன்பு 12தான். லட்ச ரூபாய் இத்தாலி கோட்டுக்கும், உள்ளூரில் தைத்து மூவாயிரத்துக்கு விற்கும் கல்யாண உடைக்கும் ஒரே வரி! 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கொஞ்சம் காசு சேர்த்து, மகள் நிக்காஹ்வுக்கு ஒரே ஒரு நல்ல உடை எடுக்க வருகிறவரிடம் இதை எப்படிச் சொல்வேன்?

இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சுங்க வரி இருக்கிறது. 2018இல் பல ஜவுளிப் பொருட்களுக்கு அதை 10இலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். அப்புறம் 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம். நம் துணிக்கு அங்கே வரி நீங்கும், சரி, நல்லதுதான். பதிலுக்கு நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதையும் சுதேசி பேசும் தலைவர்கள் மேடையில் சொல்லட்டும்.

5 சதவீத வரம்பை 5,000 ரூபாயாக உயர்த்துங்கள். நம் எம்.பி.க்கள் இதை மக்களவையில் கேட்க வேண்டும்.

— ஒரு துணிக்கடைக்காரர், கீழக்கரை