முப்பதாயிரம் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா இப்போது தேவலை. போனில் நீ எதைக் கேட்டாலும் நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே சொல்கிறேன் என்று உனக்கு வருத்தம். பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வேறு என்ன சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஹோம் நர்சிங் கம்பெனி விவரத்தையும் பார்த்தேன். மாதம் முப்பதாயிரம், சாப்பாடும் தங்க இடமும் நம் பொறுப்பு. இப்போதைக்கு வேண்டாம். காரணத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை செலவு என்று பெரிதாக இல்லை. ஆனால் அதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரைக்கும் உண்டுதான், அதுவும் உள்ளே படுத்திருக்கும்வரைதான். 108-ம் அப்படித்தான். நடுராத்திரி கூப்பிட்டதும் வந்து கொண்டுபோனார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் 108 கொண்டுபோகும், கொண்டுவந்து விடாது. திரும்பி வருவதற்கு வண்டி நாம்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்தது ஒரு கவரும் மாத்திரைச் சீட்டும்தான். "கை காலுக்குப் பயிற்சி குடுங்க, படுக்கைப் புண் வராமப் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. எப்படி, யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியைக் கட்டில் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனாலும் வீட்டுக்கே ஆள் வரும் ஏற்பாடு ஒன்று அரசாங்கத்தில் இருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். 2024-ல் அதற்கு ஐ.நா. விருது கொடுத்ததைக்கூட டிவியில் காட்டினார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருமே, அதுதானே?" என்பார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்சும், கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோவும் வருவது அதே திட்டம்தான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சிறுநீரகம் போனவர்களுக்கு வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்யும் பைகள்கூட அதில் வீட்டுக்கே வருகின்றன.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணைத்தான் பிடித்தேன். மகளிர் குழுவில் இருந்து தன்னார்வலராகச் சேர்ந்தவள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னாள். அங்கே நர்சம்மா பெயரை எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்குத் தானாகத் தகவல் வருவதில்லை, நாம் போய்ச் சொன்னால்தான் இந்த வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே தெரிகிறது. உன் சிநேகிதி அப்பாவுக்கும் பக்கவாதம் என்றாயே, அவளிடம் முதலில் இதைச் சொல்லு.

அம்பாசமுத்திரத்திலிருந்து வண்டியில் பிசியோ வருகிறார். சின்னப் பையன், உன் வயதுகூட இருக்காது. வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தானாம். அதனால் வாரம் ஒருமுறை வந்தால் பெரிது, சில வாரம் அதுவும் இல்லை. முதல் தடவை கால் மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுக் கிளம்பியதும், இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தார் என்று இருந்தது. அடுத்த தடவை வந்தவர் அம்மாவைத் தொடவே இல்லை. "நீங்க செய்யுங்க சார், நான் பாக்கிறேன்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் சொல்லித்தர வருகிறவர். தினமும் மூன்று வேளை செய்ய வேண்டியது நான்.

இந்த முப்பதாயிரம் ரூபாய் கம்பெனி ஆள் இதெல்லாம் செய்வாரா என்று யோசித்துப் பார். பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான். குதிகால், முதுகுத்தண்டு முடிகிற இடம், இடுப்பெலும்பு, இந்த மூன்றையும் தினம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அன்றைக்கே நர்சுக்குப் போன். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சிதான் அவளுக்குப் பத்திரம். தண்ணீர் புரையேறி நெஞ்சுக்குப் போய்விடுமாம். சாப்பிட்டு அரை மணி நேரம் சாய்ந்தாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உன் சித்தி மஞ்சள் ஸ்மைலி பந்து ஒன்று வாங்கிவந்து, பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னாள். அம்மாவின் கை ஏற்கெனவே மடங்கி இறுகுவதால், பந்தைப் பிசைந்தால் இன்னும் இறுகும் என்று அந்தப் பையன் வேண்டாம் என்றுவிட்டார். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி வந்தவர்களை நானே வாசலோடு அனுப்பிவிட்டேன்.

துணி விஷயத்தில் மட்டும் பிசியோவுக்கு நான் பாடம் எடுத்தேன். போடும்போது விழுந்த கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சரி, ஆனால் கடை நைட்டியில் அக்குள் சுற்று சின்னது, கையைத் திணிக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவன் சும்மா இருப்பேனா? அம்மாவின் பழைய நைட்டிகளை எல்லாம் இடது பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை பிரித்து, ஓரம் மடித்து, நாடா வைத்துவிட்டேன். இப்போது படுத்த வாக்கிலேயே மாற்றலாம். பட்டன் வைக்கவில்லை, ஒருச்சாய்ந்து படுத்தால் அழுத்தும். அந்தப் பையன் போட்டோ எடுத்துக்கொண்டு போனார், வேறு வீடுகளில் காட்டுவதற்கு. அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை.

மாத்திரையில் பிரஷருக்கும் சுகருக்கும் உள்ளது வீட்டுக்கே வந்துவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது, கொழுப்புக்குக் கொடுப்பது இரண்டையும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வருகிறேன். அங்கே இருப்பு இல்லையென்றால் முதல்வர் மருந்தகம். டயப்பருக்கு அம்மாவின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் சரியாக இருக்கிறது. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போடச் சொன்னாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆறு மாதம் போகட்டும், எவ்வளவு தேறுகிறாள் என்று பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருகிறேன் என்கிறார் டாக்டர். அது வாங்கும் நிலைமை வராவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு சொன்னேன், இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க, ராத்திரி புரட்ட அரசாங்கத்திலிருந்து ஆள் கிடையாது. நர்ஸ் வந்தால் புண் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், டியூப் இருந்தால் மாற்றுவார், போய்விடுவார். கேரளாவில் 2008-லேயே படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ள, பாலியேட்டிவ் கேர் என்று அரசுக் கொள்கை போட்டு, பஞ்சாயத்துகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்கிறார்கள் என்று அந்த நர்சே சொன்னார். இங்கே அந்த ஊர்க்காரர்கள் பங்கு இன்னும் வரவில்லை. வந்து பார்க்கிறவர்கள் ஹார்லிக்சும் ஆரஞ்சும் வைத்துவிட்டு அரை மணி நேரம் உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவர், ஒரே ஒருவர், "நீ போய்த் தூங்கு, நான் ரெண்டு மணி நேரம் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் ஆரஞ்சை நானே வாங்கித் தருவேன்.

அதனால் என் கணக்கு இது. மேலத்தெருவில் ஒரு அம்மா இருக்கிறார், மாமியாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். காலையில் குளிப்பாட்டவும் சாயங்காலம் ஒரு தடவையும் வருகிறேன் என்கிறார். மாதம் எட்டாயிரம் கேட்டார், கொடுக்கலாம். பிசியோ வரும் நாளில் அவரையும் நிற்க வைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முப்பதாயிரத்துக்குப் பதில் அந்த எட்டாயிரத்தை நீ அனுப்பு. வேண்டாம் என்று வீம்பு பிடிக்க மாட்டேன், முதுகு வலிக்கிறது. மெத்தைதான் இன்னொரு செலவு. காற்று அடைக்கிற மெத்தை, மோட்டார் வைத்தது, இங்கேயே கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து தூக்கிக்கொண்டு வராதே.

வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். முதல் சில மாதத்தில்தான் தேறுவது வேகமாக இருக்கும் என்கிறார்கள், அதற்குள் எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். லீவு கிடைக்கும்போது ஒரு மாதமாக எடுத்துக்கொண்டு வா. அப்போது ராத்திரி முறை உன்னுடையது, நான் தூங்குவேன்.

அப்புறம் ஒன்று. சாப்பாட்டு இடைவேளையில் நீ வீடியோவில் கூப்பிடுகிறாயே, அது இங்கே பதினொரு மணி. செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த நேரத்தில் கூப்பிடாதே. பிசியோ வருவது அப்போதுதான். உன் முகத்தைப் பார்த்ததும் அம்மா காலைத் தூக்கமாட்டேன் என்கிறாள், உன்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
அப்பா