டாக்ஸி டிக்கியில் ஒரு கீபோர்டு: ஹைலு மெர்ஜியாவுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஹைலு மெர்ஜியா ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையும் எனக்குப் பெரிதாக இல்லை. ஆனாலும் நேற்று இரவு 'சே பெலேவ்' இசைத்தட்டைக் கேட்டு முடித்தபோது, மனதில் இருப்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1977-ல் எத்தியோப்பியாவில் கீபோர்டு கலைஞரான நீங்களும் உங்கள் வாலியாஸ் இசைக்குழுவும் சேர்ந்து வெளியிட்ட தட்டு அது. 2014-ல், பழைய ஆப்பிரிக்க இசையை மறுபதிப்பு செய்யும் ஆஸம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்ரிக்கா நிறுவனம் மறுபடி அச்சிட்டதால்தான் என் போன்றவர்களுக்குக் கிடைத்தது. அதுவரை பழைய பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில், அதில் வாசித்தவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்?

ஊசியை வைத்ததும் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் ஆர்கன். பாடகர் இல்லாத தட்டு இது. பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் விரல்கள் நிற்கின்றன. ஒரு சுரத்தைத் தொட்டுக் கொஞ்சம் வளைத்து, மூச்சு வாங்குவது போல விட்டு, மறுபடி எடுக்கிறீர்கள். 'மியூஸிகாவி சில்ட்' என்ற பாட்டு வந்தபோது நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்து கேட்கிற பாட்டா அது?

அப்புறம் வீட்டிலிருந்த பழைய ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர் இசையில் கினித் என்று சொல்லும் சுர வரிசைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். திஸிதாவின் ஐந்து சுரங்களும் ச ரி க ப த. எங்கள் மோகனத்தின் சுரங்கள் அப்படியே! பாத்தியில் ச க ம ப நி வருகிறது; அது கம்பீர நாட்டை. பாத்தியின் இன்னொரு வடிவம் எங்கள் காதுக்கு சுத்த தன்யாசி. சுரங்கள் ஒன்று என்பதற்காக ராகமும் ஒன்றாகிவிடாது, அது தெரியும். கமகம் வேறு, நடை வேறு. ஆனால் ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மறுக்கிறது. மோகனம் எங்களுக்கு மலர்ச்சியான ராகம். அதே ஐந்து சுரங்களுக்கு நீங்கள் வைத்த பெயர் திஸிதா: நினைவு, ஏக்கம். போனவர்களையும் போன காலத்தையும் நினைத்துப் பாடுவது. இனி மோகனம் கேட்கும்போதெல்லாம் அந்த ஏக்கமும் எனக்குக் கூடவே கேட்கும்.

இந்தத் தட்டில் வரும் டிரம்பெட், சாக்ஸபோன் ஒலிக்குப் பின்னாலும் ஒரு நீண்ட கதை உண்டு என்று படித்திருக்கிறேன். 1924-ல், பின்னாளில் ஹைலே செலாசி பேரரசராகப் போகிற ராஸ் தஃபாரி, ஜெருசலேமிலிருந்து நாற்பது ஆர்மீனிய அனாதைச் சிறுவர்களை அழைத்து வந்தார். அவர்கள் பித்தளைக் கருவிகள் வாசிக்கும் அரசவை பேண்டானார்கள். அங்கே தொடங்கிப் படையணிகளின் பேண்டுகள் வழியாக வந்த ஒலி அது. சிறு வயதில் ராணுவத்தின் இசைப் பிரிவில் சேர்ந்த நீங்களும் அந்த வழியில் வந்தவர்தானே.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. உங்கள் ஊரில் அப்போது கருவிகள் பெரும்பாலும் கிளப் முதலாளிகளுக்குச் சொந்தம். கிளப்பை விட்டுப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. வாலியாஸ் குழுவினர் கருவிகளைத் தாங்களே வாங்கிக்கொண்டீர்கள். 1974-ல் பேரரசர் கவிழ்ந்து தெர்க் ராணுவ ஆட்சி வந்தது, ஊரடங்கு வந்தது, இரவு வாழ்க்கை நசுங்கியது. நீங்களோ தலைநகர் அடிஸ் அபாபாவின் ஹில்டன் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். ஊரடங்கு நேரத்தில் யாரும் வெளியே போக முடியாது, அதனால் விடியும் வரை வாசிப்பு. வீட்டுக்குப் போக முடியாத மனிதர்களைக் காலை வரை தாங்கிப் பிடிக்க வேண்டிய இசை. இந்தத் தட்டின் நிதானம் அங்கே பழகியதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 'தொலைந்துபோனவர்', 'கண்டுபிடிக்கப்பட்டவர்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை, ஐயா. வாலியாஸ் குழுவோடு போன அமெரிக்க இசைப் பயணத்துக்குப் பிறகு நீங்கள் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டீர்கள். 1985-ல் அக்கார்டியன், மின் பியானோ, சிந்தசைசர், ஒரு டிரம் மெஷின் மட்டும் வைத்துக்கொண்டு தனி ஆளாக ஒரு கேசட் பதிவுசெய்தீர்கள். பிறகு வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டினீர்கள். டிக்கியில் பேட்டரியில் ஓடும் கீபோர்டு. அடுத்த சவாரிக்காக வரிசையில் காத்திருக்கும்போது அதை எடுத்துப் பின் சீட்டில் உட்கார்ந்து வாசித்தீர்கள். தினமும் வாசித்துக்கொண்டிருந்தவர் எப்படித் தொலைந்தவர் ஆவார்? கேட்க வேண்டிய நாங்கள்தான் அங்கே இல்லை.

ஆஸம் டேப்ஸ் நிறுவனத்தை நடத்தும் பிரையன் ஷிம்கோவிட்ஸ் அந்தக் கேசட்டை எத்தியோப்பியாவின் பஹிர் தார் ஊரில் ஒரு கடையில் வாங்கி, உங்களைத் தேடித் தொலைபேசியில் அழைத்து, 2013-ல் அதை மறுபதிப்பு செய்தார். அனுமதி கேட்டு, பணம் கொடுத்துச் செய்த மறுபதிப்பு. பழைய தட்டைத் திரும்ப அச்சிடும் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. அதனால்தான் இந்தத் தட்டைக் காசு கொடுத்து வாங்கினேன். இனியும் இப்படிப்பட்டவற்றையே வாங்குவேன்.

2018-ல் நீங்கள் புதிதாக வெளியிட்ட 'லாலா பெலு'வும் வாங்கிவிட்டேன். அதைக் கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி: இதில் எந்த மெட்டு அந்தப் பின் சீட்டில் பிறந்தது? பயணி வந்து கண்ணாடியைத் தட்ட, பாதியில் மூடி வைத்துவிட்டு, அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தொடர்ந்த மெட்டு ஏதாவது இருக்குமே. அது எது என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தை இன்னொரு முறை போட்டுக் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்