எண்ணூர் சாம்பல்: படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலக்கும்போது மீனவர்கள் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். “என்றைக்கு எடுத்தது, எந்த இடம்?” என்ற ஒரே கேள்வியில் அது அடிபட்டுப் போகும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இங்கேதான் கைகொடுக்கும். படம் இலவசம், ஐந்து நாளுக்கு ஒன்று. 2015 வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

ஆனால் திரையைப் படம்பிடித்துப் பசுமைத் தீர்ப்பாய மனுவோடு ஒட்டினால் பயனில்லை. மூலக்கோப்பையே இறக்க வேண்டும். எடுத்த தேதியும் நேரமும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. அது உலக நேரம் என்பதால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். குழாயின் ஓட்டை தெரியாது, பரவிய சாம்பல் குழம்பு தெரியும்.

பலரும் ஏமாறுவது ஓதத்தில், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவதில். வற்றிய நேரத்தில் வெளித்தெரியும் சேறும் ஈரச் சாம்பலும் மேலிருந்து ஒன்றுபோலவே கறுத்துக் கிடக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, ஒரே நீர்மட்டத்தில் எடுத்த இரண்டு படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மேகம் மறைக்கும். அப்போது சென்டினல்-1 ரேடார் படம் நீர்ப்பரப்பைக் காட்டும், சாம்பலின் நிறத்தைக் காட்டாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 14ஆம் பிரிவில், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதமே கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்கும் 15ஆம் பிரிவில் 5 ஆண்டு. “வருஷக்கணக்காகக் கொட்டுகிறார்கள்” என்று 2018 படத்தை முதலில் நீட்டினால், காலம் கடந்த மனு என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு உடைப்புக்கும் முன்னும் பின்னுமாக ஒரு சோடிப் படம் வையுங்கள்.

படிந்த சாம்பலின் தடிமனை எந்தப் படமும் சொல்லாது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைத் தீர்மானிப்பது அந்தத் தடிமன்தான். செயற்கைக்கோள் கடக்கும் நாளில், காலை பத்தரை மணியை ஒட்டி, அளவு குறித்த கழியை ஊன்றிச் சாம்பலின் ஆழத்தையும் அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். இந்த வேலையை மீனவர் தலையில் கட்டாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மாதந்தோறும் அளந்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், வடசென்னை